இது அந்தக் கவுன்சிலிங் இல்லீங்க

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்குக் காத்து பட்டா தொண்டை கட்டிக்கும், தொண்டை போச்சுன்னா என் பொழப்பே போச்சு. அந்தத் துணி மூட்டையை இங்க என் கால்கிட்ட தள்ளி வைங்க, இடிக்காது. நீங்க எதுவரைக்கும்... இருங்க, கண்டக்டர் வந்துட்டார். முசிறி ஒண்ணு குடுங்க சார். சில்லறையாவே இருக்கு.

என்னைப் பார்த்தா என்ன வேலை பார்க்கிறவள்னு தோணுது? டீச்சர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கண்ணாடியும் காட்டன் புடவையும் இருந்தா நம்ம பக்கம் டீச்சர்தான். நான் கவுன்சிலிங் பண்றேன்மா. அருள்செல்வின்னு பேரு. உறையூர்ல மருந்துக் கடைக்கு மாடியில ஒரு ரூம், ஒன்பது வருஷமா. அடுத்தவங்க கஷ்டத்தைக் கேக்குறதுதான் என் வேலை. கேக்குறதுன்னா சும்மா கேக்குறது இல்ல, அதுக்குன்னே ரெண்டு வருஷம் காலேஜ்ல படிச்சேன். எதிர்ல இருக்கிறவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாது. அவங்க முகத்தைப் பார்க்கணும். சொல்லி முடிச்சப்புறமும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும், ஏன்னா முக்கியமான விஷயம் அப்பதான் வரும். எனக்கு இதெல்லாம் ரத்தத்துல ஊறிடுச்சு... என்ன, ஏதோ சொல்ல வந்தீங்களா? சரி, நான் முடிச்சுடறேன்.

இன்னிக்கு எனக்கு ஒரு பரீட்சைம்மா. ஒரு பொண்ணைப் பார்க்கப் போறேன். பேரும் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன், எங்க தொழில்ல அது பெரிய பாவம். ராணின்னு வச்சுக்குவோம். வர்ற திங்கக்கிழமை அவ சென்னைக்கு ஹாஸ்டலுக்குப் போறா. போறதுக்குள்ள அவ மனசைத் திறந்து ஒரு வார்த்தை பேசிடணும். இன்னிக்கு விட்டா நாள் இல்ல. பேசாம போயிட்டான்னா அது என் தப்பு. ஏதோ பேச்சுக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க. நெஜமாவே என் தப்பு.

முதல்லேர்ந்து சொல்றேன்.

இந்தக் கவுன்சிலிங்ங்கிற வார்த்தை இருக்கே, நம்ம தமிழ்நாட்டுல அதுக்கு என்ன அர்த்தம்? பிளஸ் டூ முடிச்ச பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு. கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ், எந்தப் பிராஞ்ச். அதுதானே? நான் போர்டு வைக்கும்போது இது எனக்குத் தோணவே இல்ல. 'அருள்செல்வி கவுன்சிலிங் சென்டர்'னு பச்சை எழுத்துல பெருசா எழுதி மாட்டிட்டேன். அந்த வருஷம் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில மாடிப்படியில தடதடன்னு சத்தம். எனக்கு ஒரே பூரிப்பு. அடடா, உறையூர்ல இத்தனை பேருக்கு மனக்கஷ்டம் இருந்திருக்கு, பாவம், இவ்வளவு நாளா போக ஒரு இடம் இல்லாம இருந்திருக்காங்கன்னு. கதவைத் திறந்தா ஆளாளுக்குக் கையில மார்க் ஷீட்டு.

"இது அந்தக் கவுன்சிலிங் இல்லீங்க, இது மனசுக்கு"ன்னேன். அவ்வளவுதான். "மனசுக்கா? ஐயையோ, எங்க பையன் நல்லாத்தான் இருக்கான் மேடம்"னு பையன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இறங்கினாங்க பாருங்க, ஏறினதை விட வேகமா. ஒருத்தர் அவசரத்துல செருப்பையே விட்டுட்டுப் போயிட்டார். அதைத் தேடிக்கிட்டுக்கூட வரல. மனசு சரியில்லாதவங்க வர்ற இடத்துல இவர் செருப்பு எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்டுட்டா?

நடுவுல ஒரு வருஷம் போர்டை மாத்திப் பார்த்தேன். 'குடும்ப வழிகாட்டி மையம்'. ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு அம்மா மேசையில ரெண்டு ஜாதகத்தையும் விரிச்சு வச்சுட்டு, "செவ்வாய் இருக்கா மேடம்?"னாங்க. நான் பாட்டுக்கு, "செவ்வாய், புதன் எல்லா நாளும் இருக்கும்மா, ஞாயித்துக்கிழமைதான் லீவு"ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். பழைய போர்டையே திரும்ப மாட்டிட்டேன்.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கத்தான் சொல்றேன்.

ஆனா இந்த வருஷம் சிரிக்க முடியலம்மா. வந்துக்கிட்டிருந்தவங்கள்ல நாலஞ்சு பேர் போன்லயே யார்கிட்டயோ பேசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. மாடி ஏற வேண்டாம், தெரிஞ்சவங்க கண்ணுல பட வேண்டாம். மிச்சம் இருந்தவங்க மழைன்னா வர மாட்டாங்க, ஆடின்னா வர மாட்டாங்க, மாமியார் வந்திருந்தா வர மாட்டாங்க. மாமியார் வந்தாத்தானேம்மா வரணும்! கட்டடக்காரர் வேற வாடகையை ஏத்திட்டார். அப்ப ஒரு ஆன்லைன் வகுப்புல சேர்ந்தேன். எங்களை மாதிரி தனியாத் தொழில் பண்றவங்களுக்கு. "வருமானத்துக்கு ஒரு வாசல் போதாது, ஏழு வாசல் வேணும்"னு அந்த ஆள் சொன்னார். எங்க வீட்டுக்கே ரெண்டு வாசல்தான், அதுல ஒண்ணை எலிக்குப் பயந்து பூட்டி வச்சிருக்கோம். இருந்தாலும் நோட்டுல எழுதிக்கிட்டேன், கீழே ரெண்டு கோடு போட்டு.

முதல் வாசல் ஒரு ஜவுளிக் கடை. அங்க வேலை பார்க்கிற பொண்ணுங்களுக்கு மன அழுத்தத்தைப் பத்திப் பேசக் கூப்பிட்டாங்க. அறுபது பொண்ணுங்க. மூச்சை எப்படி இழுக்கணும், எப்படி விடணும்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு பொண்ணு எழுந்து, "மேடம், நாள் பூரா நிக்கிறோம், உக்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லுவீங்களா?"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டூல் வெளியில இருக்கிற விஷயம்மா, நாம உள்ள இருக்கிறதைப் பார்ப்போம்"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவ தட்டல. அதைச் சொல்லும்போது நான் குஷன் வச்ச நாற்காலியில உக்காந்திருந்தேன்ங்கிறது வீட்டுக்கு வந்து காலை நீட்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது வாசல் யூடியூப். வட்டமா ஒரு லைட்டு வாங்கி, ஹால்ல திரையைக் கட்டி, 'மனதோடு ஐந்து நிமிடம்'னு ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம்னு பேரு, ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம். நாப்பத்தொரு பேர் சேர்ந்தாங்க, அதுல முப்பது பேர் எங்க வீட்டுக்காரர் சொந்தம். அதிகம் பேர் பார்த்தது மன அமைதியைப் பத்திப் பேசும்போது உள்ள குக்கர் கூவினதைத்தான். அதுக்குக் கீழே ஒருத்தர், "துவரம் பருப்புக்கு எத்தனை விசில் மேடம்?"னு கேட்டிருந்தார். நாலுன்னு பதில் போட்டேன். அந்த சேனல்ல உபயோகமான விஷயம் அது ஒண்ணுதான்.

மூணாவது வாசலைக் காட்டினது எங்க வீட்டுக்காரர். சிவநேசன்னு பேரு, ஈ.பி.யில இருந்து ரிட்டயர் ஆனவர், கணக்குல புலி. "வருஷா வருஷம் படியேறி வர்றவங்களைத் துரத்தி விட்டுட்டு, வராதவங்களுக்காக ஏன்டி காத்துக்கிட்டிருக்கே? அந்தக் கவுன்சிலிங்கையும் பண்ணிட வேண்டியதுதானே"ன்னார். எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா வாடகை நாள் வந்தா சுருக்குங்கிறதெல்லாம் தன்னால அடங்கிடும். இந்த மே மாசம் யாரையும் துரத்தல. அவர் வாசல்ல லேப்டாப்போட உக்காந்து கட்-ஆஃப் போட்டுக் குடுப்பார். நான் உள்ள உக்காந்து எந்தக் காலேஜை முதல்ல வைக்கணும், எதை ரெண்டாவது வைக்கணும்னு வரிசைப்படுத்தி பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன். தலைக்கு ஐநூறு ரூபாய். படி முழுக்க ஆளு! கீழே மருந்துக் கடைக்காரர், "இப்பதான் மேடம் உங்க கடை களை கட்டுது"ன்னார். கடைன்னுட்டாரேன்னு அன்னிக்கு எனக்குக் கோவம்கூட வரல.

அந்தக் கூட்டத்துலதான் ராணி வந்தா.

தனியா வந்தா. சீட்டுக்கு யாரும்மா தனியா வருவாங்க? அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுல இன்ஜினியரிங் படிச்ச பையன்னு ஒரு வேன் ஆளு வரும். இவ மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போட அணைச்சுக்கிட்டு வந்து நின்னா. "மேடம், கவுன்சிலிங் இங்கதானே?"ன்னா. "இங்கதாம்மா, மார்க் என்ன?"ன்னேன். ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் சொன்னா. கணக்கு தொண்ணூத்தெட்டு, இயற்பியல் தொண்ணூத்தேழு, வேதியியல் தொண்ணூத்தொம்பது. கட்-ஆஃபை நானே போட்டுட்டேன், இருநூறுக்கு நூத்துத் தொண்ணூத்தாறு! அந்த சீசன்லயே என் கடையேறி வந்த பெரிய கட்-ஆஃப் அதுதான். எனக்கு வந்த உற்சாகத்துல, "நூத்துத் தொண்ணூத்தாறு வச்சிருக்கே, உனக்கு என்னம்மா கவலை?"ன்னேன்.

உனக்கு என்ன கவலைன்னு கவுன்சிலர் கேக்கலாம்மா. அதுதான் கேக்கணும். ஆனா நான் அந்த அர்த்தத்துல கேக்கல.

அவ மெதுவா, "எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது மேடம்"னா. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, "இந்த சீசன்ல யாருக்குமே தூக்கம் வராதும்மா. காலேஜ் சாய்ஸை லாக் பண்ணிட்டா தன்னால வந்துடும்"னேன். ஃபாரத்துல அப்பா நம்பர் மட்டும் எழுதி, அம்மா நம்பர் இடத்துல ஒரு கோடு போட்டிருந்தா. "அம்மா நம்பரையும் எழுதும்மா, ஓ.டி.பி. வந்தா வேணும்"னு ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்தேன். எழுதிக் குடுத்தா. நாப்பது காலேஜ் பேரை பிரிண்ட் எடுத்து அவ கையில வச்சேன். அவ அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டு நின்னா. "கவுன்சிலிங் முடிஞ்சுடுச்சா மேடம்?"னா. "முடிஞ்சுதும்மா, ஆல் தி பெஸ்ட். அடுத்து இருக்கிறவங்களை உள்ள வரச் சொல்லு"ன்னேன்.

ஒரு மாசம் கழிச்சு அவ ஸ்கூல் டீச்சர் போன் பண்ணாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஸ்கூல்ல பரீட்சை பயத்தைப் பத்திப் பேசப் போனப்போ என் கார்டை வாங்கி வச்சிருந்தவங்க. "மேடம், இலக்கியான்னு ஒரு பொண்ணை அனுப்பினேனே, வந்தாளா?"ன்னு கேட்டாங்க. ராணி. ராணி வந்தாளான்னு கேட்டாங்க. நான் பெருமையா, "வராம என்ன டீச்சர், நூத்துத் தொண்ணூத்தாறாச்சே! அருமையா லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டேன்"னேன். லைன் போயிடுச்சோன்னு ரெண்டு தரம் ஹலோ சொன்னேன். அப்புறம் அந்த டீச்சர், "நான் அதுக்கு அனுப்பல மேடம்"னாங்க.

அந்தப் பொண்ணோட அம்மா தை மாசம் செத்துப் போயிட்டாங்கம்மா. காலையில அவங்க டிபன் கடைக்கு மாவு கரைச்சுக்கிட்டிருந்தவங்க, மத்தியானம் ஆஸ்பத்திரி, மறுநாள் இல்ல. பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்துச்சு. இவ ஒரு சொட்டு அழல. பரீட்சைக்குப் போனா, எழுதினா, இத்தனை மார்க் எடுத்தா. ஊரே கொண்டாடுது, இவ்வளவு துக்கத்துலயும் எப்படிப் படிச்சிருக்கா பாருன்னு. அப்படிச் சொல்லிட்டா அவ எப்படிம்மா அழுவா? தூங்கறதில்ல, சரியாச் சாப்பிடறதில்ல, யார்கிட்டயும் பேசறதில்ல. அந்த டீச்சர்தான் தனியாக் கூப்பிட்டு, "கவுன்சிலிங் போயிட்டு வாம்மா"ன்னு என் கார்டைக் குடுத்திருக்காங்க. இவ சேர்த்து வச்ச பணத்தை எடுத்துக்கிட்டு வீட்டுல யாருக்கும் சொல்லாம பஸ் ஏறி வந்திருக்கா.

டீச்சர் திரும்பப் போகச் சொன்னப்போ என்ன சொன்னாளாம் தெரியுமா? "போயிட்டு வந்துட்டேன் டீச்சர். முதல்ல மார்க் கேட்டாங்க, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரி அது ஏதோ டெஸ்ட்டு போலன்னு நினைச்சேன். அப்புறம் லிஸ்ட் குடுத்தாங்க. எனக்குச் சரியாகல"ன்னாளாம்.

ஒன்பது வருஷமா எத்தனையோ பேர்கிட்ட, இது அந்தக் கவுன்சிலிங் இல்லீங்கன்னு சொன்னேன். சொல்ல வேண்டிய ஒருத்திகிட்ட சொல்லல. அன்னிக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வரலம்மா.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? நான் குடிக்கிறேன். அதோ பாருங்க, குணசீலம் வந்துடுச்சு. மனசு சரியில்லைன்னா நம்ம ஜனங்க குணசீலம் பெருமாள்கிட்ட கூட்டமா வர்றாங்க, தங்கி இருந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. ஒருத்தரும் வெக்கப்படறதில்ல. என் மாடிக்கு வரத்தான் முக்காடு போட்டுக்கிட்டு வர்றாங்க. பெருமாள் பொறுமையாக் கேக்குறார், குறுக்க பேசறதில்ல. அவருக்கு ஏழு வாசல் தேட வேண்டிய தலையெழுத்தும் இல்ல.

மறுநாளே ஃபாரத்தை எடுத்து அப்பா நம்பருக்குப் போட்டேன். எடுக்கல. அடுத்த நம்பருக்குப் போட்டேன். ராணிதான் எடுத்தா. "அம்மா இல்லீங்க, நீங்க யாரு பேசறது?"ன்னா. அம்மா போனை அவதான் இன்னும் சார்ஜ் போட்டு வச்சிருக்கா. நான் திக்கித் திணறி, "அன்னிக்கு நடந்தது வேறம்மா, அது இல்ல கவுன்சிலிங், நீ மறுபடி வா"ன்னேன். "பரவால்ல மேடம், எனக்குத்தான் ஏற்கனவே ஆயிடுச்சே"ன்னா. கோவமே இல்லாம சொன்னா. கோவப்பட்டிருந்தா தேவலை.

அவ வரலைன்னா நான் போறேன்னு கிளம்பிட்டேன். வியாழக்கிழமையானா இந்த பஸ்தான். பைசா வாங்கிக்கிறதில்ல. எங்க வீட்டுக்காரர், "இது எத்தனாவது வாசல்?"னு கேக்குறார். கேட்டுட்டுப் போகட்டும். பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட அவங்க அப்பா டிபன் கடை வச்சிருக்கார், பின்னாடியே வீடு. அந்த மனுஷன் என்னைக் கண்டா கும்பிடறார். "நீங்க போட்டுக் குடுத்த லிஸ்ட்டுதான் மேடம், அப்படியே லாக் பண்ணிட்டோம்"னு. போன வாரம் சீட்டும் வந்துடுச்சு, சென்னையில, அந்த லிஸ்ட்டுல முதல்ல இருந்த காலேஜ். போகும்போதெல்லாம் பொங்கல், வடை பார்சல். அதை வாங்கிக்கிட்டு வர்றப்போ திருடின பொருளைத் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும்மா. சாப்பிட நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம்.

ராணி காபி போட்டுக் குடுத்துட்டு எதிர்ல உக்காருவா. "எப்படி இருக்கே?"ன்னா, "நல்லா இருக்கேன் மேடம்." "தூக்கம்?" "வருது மேடம்." அவ்வளவுதான். சரி, சும்மா இருந்து பார்ப்போம், தானாப் பேசுவான்னு சும்மா இருப்பேன். சுவத்துல கடிகாரம் இருக்கு, பார்த்தேன். நாப்பது செகண்டு. அதுக்கு மேல என்னால முடியல. எதிர்ல ஒரு சின்னப் பொண்ணு வாயே திறக்காம உக்காந்திருந்தா நமக்கு எப்படி இருக்கும்? நம்ம விஷயத்தைக் கொஞ்சம் சொன்னா அவங்களுக்கு நம்பிக்கை வரும்னு எங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. கொஞ்சம்னுதான் போட்டிருக்கு. நான் அஞ்சு வியாழக்கிழமையாச் சொல்லிக்கிட்டிருக்கேன். வாடகை, யூடியூப், குக்கர், வீட்டுக்காரர், என் மாமியாரோட கடைசிக் காலம். அவ கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, ம், ம்னு கேப்பா.

மூணாவது வாரம்தான் மானமே போச்சு. இன்னிக்கு அம்மா பேச்சை எடுத்தே தீரணும்னு போனேன். எடுத்தேன். ஆனா வாயில வந்தது என் அம்மா. அவங்க போன அன்னிக்கு நான் தஞ்சாவூர்ல மேடையில, 'உறவுகளுக்கு நேரம் ஒதுக்குவோம்'னு பேசிக்கிட்டிருந்தேன். போனை அணைச்சு பைக்குள்ள போட்டிருந்தேன். இறங்கி வந்து பார்க்கிறேன், பதினாலு மிஸ்டு கால். பதினோரு வருஷம் ஆச்சு, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன்மா. அம்பது வயசுப் பொம்பளை, கவுன்சிலர், பதினேழு வயசுப் பிள்ளை முன்னாடி மூக்கைச் சிந்திக்கிட்டு! அவ தண்ணி கொண்டு வர்றேன்னு அடுப்படிக்குப் போனா, ரொம்ப நேரம் ஆச்சு வர. முகத்தைக் கழுவிட்டு வந்து என் முதுகைத் தடவி, "அழாதீங்க மேடம், சரியாயிடும்"னா. சரியாயிடும்னு சொல்லவே கூடாதுன்னு எங்களுக்கு முதல் வகுப்புலயே சொல்லிக் குடுப்பாங்க. ஆனா அவ சொன்னப்போ எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறமும் அவ ஒண்ணும் சொல்லல. இன்னிக்குத்தான் கடைசி வியாழன். இப்படியே அழாம, பேசாம, அவ்வளவு பெரிய ஊர்ல யாரையும் தெரியாத ஹாஸ்டல்ல போய் அவ என்னம்மா பண்ணுவா? என்ன கேக்குறது, எப்படிக் கேக்குறதுன்னு நேத்திலேர்ந்து நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நாலு பக்கம் வந்துடுச்சு.

என்ன? சொல்லுங்க. இல்லல்ல, முடிச்சுட்டேன், சொல்லுங்க.

உங்க தையல் கடை எதிர்லயா? எதுக்கு எதிர்ல? டிபன் கடைக்கா? எந்த டிபன் கடை?

ஐயோ. நீங்க முசிறியா! இல்லம்மா, நான் சொன்னது வேற ஊரு. முசிறியே இல்ல. முசிறிக்கு நான் வேற வேலையாப் போறேன். அந்தப் பொண்ணு பேரு ராணி... ஆமா. ஒரு தரம் வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்களுக்குக் கும்பிடு போடறேன் தாயே, அவகிட்ட சொல்லிடாதீங்க. ஒரு தரம் அவளைக் கவுத்தது போதும். நான்தான் ஊர் பூராச் சொல்லிட்டு வர்றேன்னு தெரிஞ்சா அப்புறம் ஜென்மத்துக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டா.

என்ன சொன்னீங்க? பேசறாளா? உங்ககிட்டயா?

எப்போ? நான் அழுத அடுத்த நாளே... அந்த வெள்ளிக்கிழமையா. அம்மாவோட ப்ளவுஸ் நாலைக் கொண்டு வந்து, தன் அளவுக்குப் பிடிச்சுக் குடுங்கன்னு கேட்டாளா. ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போறதுக்கா. அங்கேயே உக்காந்து அழுதாளா? விளக்கு வைக்கிற வரைக்குமா? அதுக்கப்புறம் தினமும் வர்றாளா?

அம்மா, தாயே. கொஞ்சம் இருங்க. கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

அவ்வளவு நேரம் அவ பேசினாளே, நீங்க என்ன சொன்னீங்க? ஒண்ணுமே சொல்லலையா? மெஷினை மட்டும் நிறுத்திட்டீங்களா.

சரி.

என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? இல்ல, சும்மாத்தான் கேக்குறேன். சொன்னாளா? பரவால்ல, சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்... "பாவம்க்கா"ன்னு சொன்னாளா? "திருச்சியிலேர்ந்து ஒரு மேடம் வாராவாரம் வர்றாங்க, அவங்களுக்குப் பேச ஆளே இல்ல போல, நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்"னா? "அன்னிக்கு அவங்க அம்மாவை நினைச்சு அழுதுட்டாங்க, பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துடுச்சு, அடுப்படிக்குப் போய் அழுதேன்"னு சொன்னாளா.

என்னைப் பாவம்னுட்டாளா. சரிதான். நான் அவளுக்குக் கவுன்சிலிங் பண்ணப் போறேன்னு நினைச்சுக்கிட்டுப் போறேன். அவ எனக்குப் பண்ணிக்கிட்டிருக்கா. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். சிரிக்காதீங்கம்மா. இல்ல, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது.

இன்னும் இருக்கா? கேசரி பண்றாளா, எனக்காகவா. இன்னிக்குக் கடைசி வாரம்னு. ம். திங்கக்கிழமை போயிடுவோமே, அப்புறம் வியாழக்கிழமையானா அந்த மேடம் எங்க போவாங்கன்னு உங்ககிட்ட கவலைப்பட்டாளா. நீங்க கொஞ்சம் அவங்களைப் பார்த்துக்குங்கக்கான்னு சொல்லிட்டுப் போயிருக்காளா.

அப்போ வாராவாரம் கடையிலேர்ந்து என்னைப் பார்த்திருக்கீங்க, பஸ்ஸுல ஏறும்போதே உங்களுக்கு என்னை யாருன்னு தெரியுமா? தெரிஞ்சேதான் இவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டு வர்றீங்களா?

ஏம்மா, வியாழக்கிழமை உங்க கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?